ஆளுக்கு அரை மணித்தியாலம்

என் மகள் டிலுசாவுக்குப் பயம் வந்தால் விக்கல் வரும். மற்றப் பிள்ளைகளுக்குக் கை நடுங்கும், வயிறு கலக்கும். இவளுக்கு விக்கல். சின்ன வயதில் நாய் துரத்தினாலும் விக்கல், முதல் நன்மை எடுக்கப் போன அன்றும் விக்கல். சாமியார் நற்கருணையைக் கையில் பிடித்தபடி, விக்கல் எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதெல்லாம் சிரித்தோம். தொண்ணூற்றேழாம் ஆண்டு, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற ஓ.எல். சோதினையில் வந்தபோதுதான் சிரிக்க முடியவில்லை.

அந்தப் பிழை முழுக்க என்னுடையது. நான் எதையும் மூடி மறைத்துக் கதைக்கிறவள் இல்லை, சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்திய வருடம் அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி வைத்தது. அப்போது அரசாங்கத்தின் கையில் இல்லாத வன்னியில் நாங்கள் தள்ளவில்லை. கொழும்பில் எட்டரை என்றால் எங்களுக்கு எட்டு. அதைப் புதிய நேரம் என்றும் எங்களுடையதைப் பழைய நேரம் என்றும் சொல்வோம். கடைக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் பழைய நேரம்தான். சோதினை மட்டும் கொழும்பிலிருந்து வருகிறது, அதனால் அது புதிய நேரத்தில் நடக்கும்.

டிலுசா இதைப் படித்துப் படித்துச் சொன்னாள். "அம்மா, சோதினை அட்டையில எட்டரை எண்டு கிடக்கு. அது எங்கட எட்டு."

நான் கேட்டேனா? "கொழும்பு நேரம் கொழும்போட இருக்கட்டும். இஞ்சை எட்டரை எண்டா எட்டரைதான். பேசாமல் புட்டைச் சாப்பிடு" என்றேன். நாங்கள் போய்ச் சேர, உள்ளே எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மூச்சு வாங்க ஓடினாள். முதல் நாள் முதல் பாடமே கணிதம். கதிரையில் இருந்ததும் விக்கல் தொடங்கியது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிலதுகள் சிரித்தன. இவள் பேனையைக் கீழே வைத்தவள்தான், பிறகு எடுக்கவே இல்லை. மற்றப் பாடங்கள் எல்லாம் பாஸ், கணிதம் பெயில். கணிதம் இல்லாமல் மேலே ஏ.எல். வகுப்பில் எடுக்கமாட்டார்கள். ஒரு வருடம் பிள்ளை வீட்டில் இருந்தாள். வழியில் பொடியள் "விக்கல் டிலுசா" என்று கூப்பிட்டார்கள். ஒருவனைக் கருவாட்டுக் கூடையோடு துரத்தினேன். ஆனால் அவனைத் துரத்தி என்ன பயன்? செய்தவள் நான்தானே.

தொண்ணூற்றெட்டு டிசம்பரில் மறுபடியும் கணிதம். அந்த ஒரு பாடம் மட்டும். டிலுசா நன்றாகத்தான் படித்தாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சோதினைக்கு ஒரு கிழமை இருக்கும்போதே விக்கல் தொடங்கிவிட்டது. அட்டையை எடுத்துப் பார்த்தால் விக்கல். பேனைக்கு மை விட்டால் விக்கல்.

"ஆரோ உன்னை நினைக்கினம்" என்று என் மனுசன் மரியநேசன் பகிடி விட்டார்.

"சோதினைதான் என்னை நினைக்குது அப்பா" என்றாள் அவள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மணிக்கூடு. சாவி கொடுக்கிற சுவர் மணிக்கூடு. இடம்பெயர்ந்து தண்ணீரூற்றுக்கு வந்தபோது, அந்தோனியார் சுருவத்துக்கு அடுத்ததாக நான் தூக்கிக்கொண்டு வந்த பொருள் அதுதான். சோதினைக்கு முதல் நாள் பின்னேரம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கதிரையில் ஏறி, முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்தேன். இப்போது அது புதிய நேரம் காட்டும். அட்டையில் இருப்பதும் மணிக்கூட்டில் இருப்பதும் ஒன்று. இனி என் மண்டைக்கு வேலை இல்லை. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் "போன வருசம் மகள் சொல்லேக்க கேக்காத ஆள்" என்று மனுசன் தொடங்குவார். அந்தக் கதையைக் கேட்க எனக்கு ஏலாது.

விடிய எழும்பினோம். புறப்படும்போது மணிக்கூட்டில் ஆறே முக்கால். புட்டும் சம்பலும் பொரித்த மீனும் வாழையிலையில் கட்டியாயிற்று. வெளியே கும்மிருட்டு.

"இண்டைக்கென்ன இன்னும் விடியேல்லை?" என்றார் மரியநேசன்.

"மார்கழி மழை இருட்டு. மேலை பாருங்கோ, மப்பு" என்றேன். உள்ளுக்குள் எனக்குத் தெரியும்தானே, மணிக்கூடு அரை மணித்தியாலம் கூட என்று. அதுதான் இருட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் "ஓம், மப்புத்தான்" என்று சட்டென்று ஒத்துக்கொண்டார். மனுசன் ஒன்றை ஒரேயடியாக ஒத்துக்கொண்டால் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நந்திக்கடலில் முப்பது வருடமாக வானத்தைப் பார்த்து வலை போடுகிற ஆள்.

"சேவல்கூட இன்னும் கூவேல்லை அம்மா" என்றாள் டிலுசா. விக்கினாள்.

"சேவலுக்கென்ன சோதினையே? ஏறு சைக்கிளில!"

அவளும் வாயைத் திறக்காமல் ஏறினாள். அப்பா மிதிக்க, மகள் முன்னால் பாரில், நான் பின்னால் கரியரில். நாலு மைல், முக்கால் மணித்தியால ஓட்டம். ஒழுங்கையெல்லாம் வெள்ளம். ஒரு சனம் தெருவில் இல்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். டிலுசா விக்கின விக்கலுக்கு சைக்கிள் மணியே அடிக்கத் தேவையில்லை. இன்றைக்கும் இவள் பேனையைக் கீழே வைத்தால் என்ன செய்வேன்? மாதாவே, என்னால் இன்னொரு வருடம் இவள் முகத்தைப் பார்க்க ஏலாது.

பள்ளிக்கூடத்துக்கு வந்தால் படலை பூட்டியிருந்தது. உள்ளே ஒரு மாடு படுத்திருந்தது.

"பிந்திப் போனமோ?" என்றேன். சூடு கண்ட பூனைக்கு வேறு என்ன நினைவு வரும்?

அப்போதுதான் தூரத்தில் கோயில் மணி அடித்தது. திருந்தாதி மணி. விடிய ஆறு மணிக்கு அடிக்கிற மணி. எங்கள் கோயில் மணி பிந்தவும் மாட்டாது, முந்தவும் மாட்டாது. வழக்கம்போலச் சிலுவை போட்டேன், பாதியில் கை நின்றது. எங்கள் மணிக்கூட்டுக் கணக்கில் இப்போது ஏழரை ஆக வேண்டும். என் அரை மணித்தியாலத்தைக் கழித்தால் ஏழு. ஆறு எப்படி வந்தது?

மரியநேசன் தொண்டையைச் செருமினார். "இஞ்சாரப்பா, கோவிக்காதை. நேற்றுப் பொழுதுபட்ட செக்கலுக்கை நான் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்கு வைச்சனான். போன வருசம் மாதிரிப் பிந்தக் கூடாதெண்டு."

"நீங்களோ? நானெல்லோ வைச்சனான்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்படியும் ஏழரைக்கு ஆறரைதான் வருகிறது. பிறகு இரண்டு பேரும் மகளைப் பார்த்தோம். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"நானும் வைச்சனான் அம்மா" என்றாள். "நீங்கள் இந்த முறையும் கேக்கமாட்டீங்கள் எண்டு நினைச்சன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அழுவதற்குள் மரியநேசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிளைப் பிடிக்க ஏலாமல் படலையில் சாத்திவிட்டுச் சிரித்தார். டிலுசா ஒரு ஈர்க்கை எடுத்து, ஈர மண்ணில் கணக்குப் போட்டாள். மூன்று அரை ஒன்றரை. ஏழரையில் ஒன்றரை போனால் ஆறு. சோதினை எங்கள் எட்டுக்கு. "இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு" என்று அடிக்கோடு போட்டாள். "போன வருசம் அரை மணித்தியாலம் பிந்தினம். இந்த வருசம் ரெண்டு மணித்தியாலம் முந்தீட்டம். ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டரை. எங்கட குடும்பத்துக்கு நேரத்துக்கு வரவே தெரியாது!"

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மாடு எழும்பி எங்களைப் பார்த்தது. சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், பிள்ளைக்கு விக்கல் இல்லை.

வெளி மதிலோரம் ஒரு கொட்டில் இருந்தது. அதற்குள் இருந்து புட்டைச் சாப்பிட்டோம். இரவு மூன்று பேரும் ஒரு கண் நித்திரை கொள்ளவில்லை. சாப்பிட்ட கையோடு டிலுசா என் மடியில் தலையை வைத்தாள். "அம்மா, நான் கொஞ்சம் படுக்கட்டே? நேரம் எங்களுக்குக் காணும்தானே" என்றாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அடித்துப்போட்டதுபோல நித்திரை கொண்டாள். மற்றப் பிள்ளைகள் கூட்டமாய் வந்த பிறகுதான் எழுப்பினேன். முகம் கழுவி, என் கையைக்கூடப் பிடிக்காமல் உள்ளே போனாள்.

நான் மதிலுக்கு வெளியே, மண்டபத்து யன்னலுக்கு நேரே போய் நின்றுகொண்டேன். மனுசன் "வா, மரத்தடியில இருப்பம்" என்றார். போகவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. தாள் சரசரக்கிற சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. விக்கல் வருமோ, இப்போது வருமோ, வந்தால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு நிமிடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தது. பெரிய விக்கல். "என்ர மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, விக்கினது நான்.

வாயைப் பொத்தினேன், சேலைத் தலைப்பைக் கடித்தேன், மூக்கைப் பிடித்தேன். அது நிற்கிற விக்கலா? ஐந்து நிமிடம் கழித்து மேற்பார்வை செய்கிற ஐயா கையில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வெளியே வந்தார்.

"அம்மா, இது பிள்ளையளுக்கெண்டு வைச்ச தண்ணி. உள்ளுக்கை ஒருத்தருக்கும் தேவைப்படேல்லை. நீங்கள் குடிச்சிட்டு அந்தப் பக்கம் போய் இருங்கோ" என்றார்.

வெட்கமாய்ப் போய்விட்டது. குடித்துவிட்டு மரத்தடிக்குப் போனேன். மரியநேசன் முகத்தில் இருந்த சிரிப்புக்கு ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

மதியம் டிலுசா வெளியே வந்தாள். "விக்கினது நீங்களோ அம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். "கேட்டவுடனை எனக்குத் தெரிஞ்சிட்டுது. முதல் எனக்கும் ஒண்டு வரப் பாத்தது. பிறகு, எனக்குப் பதிலா அம்மா பயப்பிடுறா, நான் கணக்கைப் பாப்பம் எண்டு எழுதினன்."

"எல்லாம் எழுதினியோ?"

"கடைசிக் கணக்கில ரெண்டு வரி விட்டுப்போச்சு. ஆளுக்கு அரை மணித்தியாலம் தள்ளி வைச்சீங்கள், அதில ஒரு அஞ்சு நிமிசத்தை உள்ளுக்கை தந்திருக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் மரியநேசன் கதிரையில் ஏறித் தன் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார். டிலுசா ஏறித் தன்னுடையதைக் குறைத்தாள். நான் ஏறவில்லை.

"என்ரை அப்பிடியே கிடக்கட்டும்" என்றேன். "இவள் பாஸ் எண்டு அறிஞ்ச பிறகுதான் குறைப்பன். மாதாவுக்கு நேர்த்தி."

"சனம் மெழுகுதிரி கொளுத்தும், முடி இறக்கும். இவள் மணிக்கூட்டில நேர்த்தி வைக்கிறாள்" என்றார் மனுசன்.

அதன் பிறகு நாலைந்து மாதம் எங்கள் வீடு மட்டும் புதிய நேரத்தில் ஓடியது. அயல்வீட்டுச் சுப்பம்மா நேரம் கேட்டு வந்தால், "எங்கட நாலு, உனக்கு மூண்டரை" என்று சொல்ல வேண்டியிருந்தது. "உங்களை அரசாங்கம் தனிய எடுத்திட்டுதோ?" என்று கேட்டு அவள் சிரிப்பாள். மரியநேசன் இரண்டு முறை அரை மணித்தியாலம் முந்திக் கடலுக்குப் போய்த் துணைக்கு ஆளில்லாமல் குந்தியிருந்துவிட்டு வந்து கத்தினார். நான் மசியவில்லை. கதிரையைக்கூடச் சுவர்ப் பக்கம் விடவில்லை.

முடிவு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு டிலுசா பள்ளிக்கூடம் போன அன்று, நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். சுப்பம்மா வாசலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். பிறகு அறைக்குள் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

மீன் கையோடு எழும்பி ஓடினேன். டிலுசா கதிரையில் ஏறி நின்று, முள்ளை மெதுவாகப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"உங்கட அரை மணித்தியாலம், அம்மா" என்றாள். "கணிதம் பாஸ். சி."

சுப்பம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. டிலுசா இறங்கி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.