மீட்டர்க்காரர் எல்லை தாண்டினார்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து அளவு குறிப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் சக்கரக்காலர். ஒதுக்கிய நாற்பது தெருவும் பதினெட்டு வருஷத்தில் அலுத்துப்போயிருந்தன. புதுத் தெரு ஒன்று கண்ணில் பட்டால் கால் தானாகத் திரும்பிவிடும். பால் வாங்கப் போகிறவர் பக்கத்து ஊரைப் பார்த்துவிட்டு வருவார், பால் திரிந்திருக்கும். வீட்டுத் தரை முள்ளாகவா குத்துகிறது என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

அந்த மாதம் கடைசித் தெருவை முடித்து நிமிர்ந்தால், எதிரே வாய்க்கால் பாலம். அதற்கு அப்பால் இன்னொருவருடைய எல்லை. ஒரே ஒரு தெருதானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு தாண்டிவிட்டார். காக்கிச் சட்டையையும் தோள்பையையும் பார்த்ததும் எல்லா வீட்டிலும் கதவைத் திறந்தார்கள். உள்ளே போனபிறகு கையைக் கட்டிக்கொண்டா நிற்பது? அளவையும் குறித்தார். பொழுது சாய்வதற்குள் பதினோரு தெரு ஆகிவிட்டது. மனுஷனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மறுநாள் பழக்கதோஷத்தில் அந்தத் தெருக்களின் அளவு குறித்த பக்கங்களையும் சேர்த்தே அலுவலகத்தில் கொடுத்துத் தொலைத்தார். மதியமே பெரிய அதிகாரி கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்து உள்ளே போனார்.

அதிகாரியோ சிரித்த முகமாக உட்கார வைத்தார். அந்த எல்லைக்கு உரியவர் வீட்டில் கால் நீட்டிப் படுத்தபடியே வருஷக்கணக்காக அளவுகளைக் குத்துமதிப்பாக எழுதியிருக்கிறாராம். இவர் குறித்ததோடு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லையாம்.

"உங்கள மாதிரி ஆளு வெயில்ல அலையலாமா? நாளைலேர்ந்து மேற்பார்வை வேலை. என் பக்கத்து ரூம்தான். ரிட்டையர் ஆகுற வரைக்கும் நீங்க எங்கயும் போக வேண்டாம்."

சக்கரக்காலருக்குத் தலை சுற்றியது. ஜன்னலில்லாத அந்த அறையை அவருக்குத் தெரியும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். வேலை போயிருந்தால்கூட இவ்வளவு துக்கப்பட்டிருக்க மாட்டார்.

"சார், எல்லை தாண்டுனது தப்புதானே?" என்றார் மெல்ல.

"அதெல்லாம் விடுங்க."

"எப்படி சார் விடறது? தப்புன்னா தண்டனை உண்டுல்ல? தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுங்க சார்."

எத்தனையோ பேரை அப்படி மிரட்டிய அதிகாரியிடம் அதை இதுவரை யாரும் கேட்டு வாங்கியதில்லை. சுவரிலிருந்த வரைபடத்தில் தேடிப் பார்த்தார்.

"அப்படி ஒரு இடம் எங்கய்யா இருக்கு?"

"இருக்கு சார். மூணு பஸ் மாறணும். கடைசி பஸ் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். நாளைக்கு உண்டு."