யூரோவுக்கு நாற்பத்தைந்து சென்ட்

ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம் மாலக்கி வாயைத் திறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு லாயத்தில் லார்க் குதிரையின் முன்னங்காலைத் தடவியபோதே சூடு தெரிந்தது. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். சூடுதான், உள்காயத்தின் அடையாளம்.

அன்றைய முதல் பந்தயத்தில் எல்லோரும் நம்பியிருந்த குதிரை லார்க். அது ஓடாவிட்டால் பிஷப் என்ற குதிரை ஜெயிக்கும். ஆனால் லார்க் ஓடும் என்று ஊர் நம்பும் வரைதான் பிஷப் மீது கட்டுபவனுக்குப் பல மடங்கு கிடைக்கும்.

லாயத்தின் எஜமானி அட்ராக்டா ஹெஷன் திங்கட்கிழமை அவனைத் தலைமை லாயக்காரனாக்குவதாகச் சொல்லியிருந்தாள். லாயத்தை ஒட்டிய வீடும் அதில் சேர்த்தி. கால் சூட்டை மறைத்தான் என்று தெரிந்தால் வீடும் இல்லை, வேலையும் இல்லை. மறைக்கவில்லை, தள்ளித்தான் போடுகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அந்தக் காலில் குளிர்ந்த நீரைப் பீய்ச்சினான். லார்க் நன்றியோடு அவன் தோளில் மூக்கைத் தேய்த்தது.

ஒன்றேகால் மணிக்கு மைதானத்தில் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள் விலைப் பலகைகளை ஏற்றினார்கள். மாலக்கி கஸ்ஸி டார்பி என்ற புக்கியிடம் பிஷப் மீது ஐந்நூறு யூரோ கட்டினான். ஜெயித்தால் ஒன்றுக்கு நான்கு. ஒன்று நாற்பதுக்கு அட்ராக்டாவிடம் ஓடினான்.

"அம்மா, லார்க் கால் லேசா சுடுற மாதிரி இருக்கு. இப்பத்தான் பார்த்தேன்."

மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்தார். லார்க் விலகியதாக ஒலிபெருக்கி சொன்னது.

"நீ மட்டும் பாக்கலேன்னா இன்னிக்கு அது காலை ஒடிச்சிருக்கும்" என்று அட்ராக்டா அவன் முதுகைத் தட்டினாள். "உன் கைக்கு ஈடே கெடையாதுடா."

பிஷப் சுலபமாக ஜெயித்தது. மாலக்கி சீட்டை நீட்டினான். கட்டிய ஐந்நூறும் அதன்மேல் ஆயிரத்து நூறும் வந்தன.

"என்ன கஸ்ஸி அண்ணே, மேல ரெண்டாயிரம் வரணுமே?"

"லார்க் வெலகிடுச்சுல்ல? ஜெயிச்ச காசுல யூரோவுக்கு நாப்பத்தஞ்சு சென்ட் கழிவு. லாயத்துலயே வளந்தவன், உனக்கா நான் சொல்லணும்?"

இத்தனை வருடம் மதுக்கடையில் மற்றவர்கள் இந்தக் கழிவுக்காகப் புலம்பும்போது சிரித்தவன் மாலக்கி. தான் கட்டும்போது மட்டும் அது ஞாபகம் வரவில்லை.

"நாலுன்னுதானே எழுதிக் குடுத்தீங்க?"

"லார்க் ஓடும்னு நெனச்சு நாலு. அது இல்லேன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டுதான் போட்டிருப்பேன். இப்ப ரெண்டுக்கு மேலயே வருது. சந்தோஷமா வாங்கிட்டுப் போ."

"யாராவது அவனுக்குக் கைக்குட்டை குடுங்கப்பா" என்றது வரிசையில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

மாலக்கிக்குக் காது சிவந்தது. "வெலகின பிறகு கட்டினா கழிவு கெடையாதுல்ல?"

"கெடையாது. நீ கட்டினது அதுக்கு முன்னாடி."

"அப்பவே அது ஓடாத குதிரைதான்!"

கஸ்ஸியின் பார்வை மாலக்கியின் தோளைத் தாண்டிப் போனது. பின்னால் வண்டிச் சாவிகள் குலுங்கின. அட்ராக்டாவின் சாவிக்கொத்து. லாயத்தில் அந்தச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து நிற்கும் மாலக்கி இப்போது திரும்பவில்லை.

"ஒண்ணேகாலுக்கு அது ஓடாதுன்னு யாருக்குடா தெரியும்?" என்றார் கஸ்ஸி.

"எனக்குத் தெரியும்!" மாலக்கி பலகையில் ஓங்கித் தட்டினான். "காலைல ஏழு மணிக்கே அது கால் சுட்டுது. இந்தக் கையாலதான் தொட்டுப் பார்த்தேன்!"