ஒண்ணு எந்தப் பக்கம்

இன்ஜினின் விலாவில் ஓர் ஓட்டை. ஆணி அடித்த ஓட்டை இல்லை. கையை உள்ளே விட்டு நலம் விசாரித்துவிட்டு வரலாம், அவ்வளவு பெரிது. அதன் வழியாக பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று உடைந்து, சண்டை எங்கே என்று ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரைப் போலத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

மைக்ரான் பார்த்துக்கொண்டே நின்றார். வாயில் வைத்த டீ வாயிலேயே இருந்தது. விழுங்க மறந்துவிட்டார்.

மைக்ரான் என்பது பட்டப்பெயர். லேத் பட்டறைக்காரர். தலைமுடியின் கனத்தைப் பல கூறாகப் பிளந்து அதில் ஒரு கூறுக்காகச் சண்டை பிடிப்பவர் என்று யாரோ வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகைகூட அந்தப் பெயருக்குத்தான் வருகிறது. பட்டறையில் அவ்வளவு கறார். தன் சட்டைப் பொத்தானை மட்டும் பாதி நாள் ஒரு ஓட்டை தள்ளித்தான் போட்டிருப்பார்.

ஒரே கொட்டகை, நடுவில் தகரத் தடுப்பு. இந்தப் பக்கம் மைக்ரானின் லேத். அந்தப் பக்கம் தங்கச்சியும் மாப்பிள்ளையும். பந்தயக் கார்களின் இன்ஜினையும், பந்தயக் கார் மாதிரி ஓட்ட ஆசைப்படுகிறவர்களின் இன்ஜினையும் பிரித்து மாட்டுவது அவர்கள் தொழில். கடைசல் வேலை மட்டும் தடுப்பைத் தாண்டி இவரிடம் வரும்.

ஆசைப்படுகிறவர்களில் ஒருவர் மருந்துக்கடைக்காரர். அவருடைய வண்டிதான் இப்போது கயிறு கட்டி இழுத்து வரப்பட்டிருந்தது.

"வளைவுல போறேன். டமால்னு ஒரு சத்தம்," என்றார். "ஆயில் மொத்தமும் பின் டயர்ல. வண்டி ரெண்டு சுத்து சுத்தி, எதிர்ல வந்த லாரியைப் பாத்து நின்னுச்சு. பக்கத்து சீட்ல என் சம்சாரம்."

"அவங்களுக்கு ஒண்ணும்…"

"அடியெல்லாம் இல்ல. ஆனா நேத்து சாயங்காலத்துலேர்ந்து வாயே திறக்கல. ஒரு வார்த்தை இல்ல."

அவர் கத்தியிருந்தால் மைக்ரானுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்துகிற வாடிக்கையாளர்களைச் சமாளித்துப் பழகிய காது. மனிதர் கத்தவில்லை. "எதனாலன்னு பாத்துச் சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எதனால்? இரண்டே வழிதான். இன்ஜினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கடைந்ததில் பிசகு என்றால், அது மைக்ரானின் கை. இன்ஜினை மாட்டியதில் பிசகு என்றால், அது தடுப்புக்கு அந்தப் பக்கத்துக் கை. பிழை தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று மைக்ரான் மனதார வேண்டிக்கொண்டார். தன் தப்பு என்றால் தன் காதைத் தானே திருகிக்கொள்ளலாம். மாப்பிள்ளை காதைத் திருக முடியுமா?

கேட்கவும் ஆள் இல்லை. இருவரும் விடிந்ததுமே பந்தய மைதானத்துக்குப் போய்விட்டார்கள். இன்று தங்கச்சி ஓட்டும் முதல் பந்தயம்.

இன்ஜினைக் கழற்றி இறக்கி, தலைகீழாகப் புரட்டி, அடியில் இருந்த ஆயில் தொட்டியை எடுத்தார். கிராங்க் படுத்துச் சுழல ஐந்து இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் பாதி வட்டம் இன்ஜின் உடம்போடு இருக்கும். மீதிப் பாதி, மேலே வைத்து முடுக்குகிற மூடி. இரண்டையும் பூட்டிவைத்து ஒரே துளையாகக் குடைந்திருப்பார்கள். அதனால் ஒரு இடத்து மூடி இன்னொரு இடத்தில் சேராது. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. உட்கார்ந்தால்தான் தெரியும் பொருத்தம். கலந்துவிடக்கூடாது என்றுதான் பிரிக்கும்போதே பஞ்ச் வைத்துத் தட்டிப் புள்ளி குத்துவது. முதல் மூடிக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, இப்படி ஐந்து வரை.

மாப்பிள்ளையின் புள்ளிகள் அவை. ஒரே அடியில் ஆழமாக இறங்கியவை, சந்தேகமே இல்லை. முன்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசை பிசகாமல் நின்றன.

அப்பாடா. மாட்டினதில் குறை இல்லை. ஆக, குற்றவாளி நானேதான் என்று மைக்ரான் கிட்டத்தட்ட சந்தோஷமாக மைக்ரோமீட்டரை எடுத்தார்.

கிராங்க் நான்கு இடங்களில் நீலம் பாரித்து, நகத்தால் கீறிய முகம் போல வரிவரியாக இருந்தது. நடு இடம் மட்டும் பளபளவென்று பிழைத்திருந்தது. அங்கே அளந்தார். சரியாக இருந்தது. மறுபடியும் அளந்தார். பாழாய்ப்போன அளவு, மறுபடியும் சரியாகவே இருந்தது.

கிராங்கைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, மூடிகளை மட்டும் அதனதன் இடத்தில் வைத்து முடுக்கினார். உள்ளே விரலை விட்டு, இரண்டு பாதியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினார். நகம் தட்டியது. வாசற்படி தடுக்குகிற மாதிரி ஒரு மேடு. இரண்டாவதிலும் தட்டியது. நான்கிலும் ஐந்திலும் தட்டியது. மூன்றில் மட்டும் எண்ணெயில் வழுக்குவது போல வழுக்கிக்கொண்டு போனது.

ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது. ஒற்றைப் புள்ளி மூடியைக் கழற்றி, மறுகோடியில் ஐந்தாவது இடத்தில் வைத்தார். 'டக்' என்று உட்கார்ந்தது. நகத்தை ஓட்டினார். தட்டவில்லை.

இரண்டு புள்ளி மூடியை நான்காவது இடத்தில் வைத்தார், அதுவும் உட்கார்ந்தது.

குத்தியவர் பின்னாலிருந்து எண்ணியிருக்கிறார். மாட்டியவர் முன்னாலிருந்து எண்ணியிருக்கிறார். இரண்டு பேரும் ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் மூன்றாகவே இருந்ததால், நடுவில் இருந்த மூன்று மட்டும் பிழைத்துக்கொண்டது.

இந்த இன்ஜினை மாட்டிய வாரம் அவருக்கு ஞாபகம் வந்தது. புதிதாக வந்த வாடிக்கையாளர் ஒருவர் தங்கச்சியைக் காட்டி யார் என்று கேட்க, மாப்பிள்ளை யோசிக்காமல், "நம்ம ஹெல்ப்பர்," என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அந்தப் பக்கத்தில் ஸ்பேனர் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பேச்சுவார்த்தை எல்லாம் மைக்ரான் வழியாகத்தான்.

"மச்சான், பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கன்னு உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க."

"அவர் பாக்கெட்லதான் இருக்குன்னு சொல்லுண்ணா."

இரண்டு இரும்புக்கு நடுவில் கேஸ்கட் மாதிரி உட்கார்ந்துகொண்டு மைக்ரான் அந்த வாரத்தை ரசித்தார் என்பதுதான் உண்மை. ஓசியில் நாடகம். அதே வாரம், அதே மேஜையில், இரண்டு இன்ஜின்களைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒன்று இதோ, விலா உடைந்து கிடக்கிறது. இன்னொன்று தங்கச்சியின் பந்தய வண்டியில் இருக்கிறது. அவள் இந்நேரம் அதை மிதித்துக்கொண்டிருப்பாள்.

தங்கச்சிக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கு அடித்தார். அந்த இரைச்சலில் இடி விழுந்தாலே கேட்காது, போன் எங்கே கேட்கும்? வேனில் ஏறினார். ஊரில் உள்ள வண்டிகளை எல்லாம் பறக்கவைக்கிற மனிதரின் சொந்த வேன், கெஞ்சினால்தான் கிளம்பும். இன்று கெஞ்சக்கூட வாயில் ஈரம் இல்லை. எப்படியோ கிளம்பியது.

மைதானத்தில் மாப்பிள்ளை சுவரோரம் நின்று, கைதட்டாத குறையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான்! பயிற்சி ஓட்டம் நடக்குது. என்னமா ஓட்டுறா பாருங்க!"

மஞ்சள் வண்டி ஊளையிட்டுக்கொண்டு கடந்தது. அந்தச் சத்தம் மைக்ரானின் பல்லில் இறங்கியது.

"மாப்பிள்ளை, ஒண்ணு எந்தப் பக்கம்?"

"என்ன ஒண்ணு?"

"மூடிக்குப் புள்ளி குத்துறப்போ, ஒண்ணுன்னு எங்கேர்ந்து எண்ணுவீங்க?"

"பின்னால, கியர் பாக்ஸ் பக்கத்துலேர்ந்து. நான் தொழில் கத்துக்கிட்ட கடையில அப்படித்தான். இதைக் கேக்கவா இப்படி மூச்சிரைக்க வந்தீங்க?"

"அவ?"

"அவ முன்னால, பெல்ட் பக்கம். அதான் மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கத்துவாளே, 'உங்க ஒண்ணா, என் ஒண்ணா'ன்னு. நான் 'என் ஒண்ணு'ம்பேன். அப்புறம்தான் மூடியையே கையில…"

சிரித்துக்கொண்டே தொடங்கியவர் பாதியில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த வாரம் அவ கத்தல," என்றார்.

"மருந்துக்கடைக்காரர் வண்டி வந்து கெடக்கு. என் கை முழுசா உள்ள போகுது. இவ வண்டிக்குப் புள்ளி குத்தினது யாரு?"

"நானா… அவளா… ரெண்டும் ஒரே மேஜைல கெடந்துச்சே. தெரியல மச்சான். சத்தியமா எனக்குத் தெரியல."

மாப்பிள்ளை 'உள்ளே வா' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு சுவரில் பாதி ஏறிவிட்டார். மஞ்சள் வண்டி வந்தது. கண்ணாடிக்குள் ஒரு கை ஒய்யாரமாக 'டாட்டா' காட்டிவிட்டுப் போனது.

"நேத்தே சொல்லிட்டா. 'நீங்க பயந்துபோய் போர்டு காட்டினா திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்'னு."

மைக்ரான் கொடிக்காரரிடம் ஓடினார். வேலை எப்போது முடியும் என்று கேட்பவர்களிடம் தவிர வேறு யாரிடமும் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "சார், அந்த மஞ்சள் வண்டி ஆயில் கொட்டிக்கிட்டே போகுது!" என்று ஒரே மூச்சில் சொன்னார். பந்தய மைதானத்தில் பாம்பு என்றால்கூட யோசிப்பார்கள். ஆயில் என்றால் யோசிக்கமாட்டார்கள். கறுப்புக் கொடி ஏறியது. அதைக் கண்டால் யாராக இருந்தாலும் உள்ளே வந்தே ஆகவேண்டும்.

வண்டி உள்ளே வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றும்போதே அவள் குரல் முதலில் வந்தது.

"எவன் சொன்னான் ஆயில்னு?"

கொடிக்காரர் வண்டிக்கு அடியில் குனிந்து, தரையைக் கையால் தடவிப் பார்த்தார். "எங்கய்யா ஆயில்? ஒரு சொட்டு இல்லையே!"

"நான்தாம்மா சொன்னேன்," என்றார் மைக்ரான்.

"அண்ணா! அவர்தான் பயந்தாங்கொள்ளின்னா, நீயுமா?"

"இந்த இன்ஜினுக்குப் புள்ளி குத்தினது யாரு?"

"நான். பிரிச்சதும் நான், குத்தினதும் நான், மாட்டினதும் நான். ஹெல்ப்பர் தனியா ஒரு இன்ஜின் செய்வாளான்னு ஒருத்தருக்குக் காட்டத்தான். ஏன், என்ன இப்போ?"

மாப்பிள்ளை அங்கே கிடந்த டயரின் மேல் தொப்பென்று உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். உயிர் திரும்பி வந்தால் சத்தம் வராது போலிருக்கிறது. தோள் மட்டும் குலுங்கியது.

"ஒழுகல, நீ போலாம்மா," என்றார் கொடிக்காரர். "சீக்கிரம். பந்தயத்துக்கு வரிசை கட்டுறாங்க." மைக்ரானை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார்.

அவள் ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தூக்கினாள். அங்கேயே நிறுத்தினாள்.

"இந்த இன்ஜின் இல்லன்னா, எந்த இன்ஜின்?"

அவள் அண்ணனைப் பார்த்தாள், டயரில் இருந்தவரைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கே வந்துவிட்டது.

"மருந்துக்கடைக்காரர் வண்டி. அதுல புள்ளி இவரோடது."

"ம்."

"நான் முன்னாலேர்ந்து மாட்டினேன்."

"ம்."

"அவங்க…"

"இருக்காங்க. லாரிக்கு முன்னாடி போய் நின்னிருக்கு வண்டி. அவர் சம்சாரமும் கூட. உயிரோட இருக்காங்க."

அவள் ஹெல்மெட்டை வண்டியின் மேல் வைத்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இறுக்கமா இருந்துச்சுண்ணா," என்றாள். சின்னப் பிள்ளையின் குரல். "மாட்டி முடிச்சு கிராங்கைக் கையால சுத்திப் பாத்தேன். இறுக்கமா இருந்துச்சு. கைக்குத் தெரிஞ்சுச்சு. புது பேரிங், அப்படித்தான் இருக்கும்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். இவர் ரெண்டடி தள்ளித்தான் நின்னுட்டிருந்தார். கேட்டிருக்கலாம். கேட்டா நான் முதல்ல பேசின மாதிரி ஆயிடுமேன்னு…"



வரிசையில் இன்ஜின்கள் உறும ஆரம்பித்தன. அவள் பெயரை ஒலிபெருக்கி இரண்டு முறை கூப்பிட்டது. அவள் கையுறைகளை விரல் விரலாக உருவி வண்டி இருக்கையில் போட்டாள்.

"வேன் கிளம்புமாண்ணா?"

கிளம்பியது. முன் இருக்கையில் மூன்று பேர், அவள் நடுவில். மைதானம் பின்னால் மறைந்தது. பிறகு மாப்பிள்ளை, "நான் சொல்லிக்கிறேன் அவர்கிட்ட," என்றார்.

"என்னன்னு சொல்வீங்க? ஹெல்ப்பர் பண்ணின தப்புன்னா?"

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "எந்தப் பக்கமிருந்து எண்ணினேன்னு நான் சொல்லலைன்னு சொல்வேன். நீ கேக்கலைன்னா என்ன, எனக்கு வாய் இல்லையா? நீ மாட்டுறதைப் பாத்துக்கிட்டேதானே நின்னேன்."

"பாத்துக்கிட்டா நின்னீங்க?"

"நின்னேன். அழகா மாட்டுறாளேன்னு பாத்துக்கிட்டு நின்னேன். மூடியைப் பாக்கல."

மைக்ரான் சாலையிலேயே கண்ணாக இருந்தார். கொஞ்ச தூரம் சாலை மங்கலாகத் தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் கடையில்தான் இருந்தார். வீட்டுக்குள் சும்மா இருக்க முடியவில்லை என்றார். ஒரு கிழவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கிழவர் போகும்வரை மூவரும் சுவரோரம் காத்திருந்தார்கள்.

"உங்க இன்ஜினை மாட்டினது நான்," என்றாள் அவள். "தப்பா மாட்டிட்டேன். ஓட்டின உங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

"புள்ளி குத்தினது நான்," என்றார் மாப்பிள்ளை. "சொல்ல வேண்டியதைச் சொல்லல."

மருந்துக்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேர் ஒரு தப்புக்குப் போட்டி போடுவதை அவர் இதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். கோபம் வரும் என்று மைக்ரான் காத்திருந்தார். வரவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார். "நானாவது ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தேன். வேகமா போகணும்னு ஆசைப்பட்டதும் நான். அவ சும்மா உக்காந்திருந்தவ." அலமாரிகளுக்கு நடுவே, வீட்டுக்குள் போகும் வழியில் தொங்கிய திரையைக் காட்டினார். "உள்ளதான் இருக்கா. நான் என்ன கேட்டாலும் பதில் இல்ல. அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

தங்கச்சி திரையைப் பார்த்தாள். அந்த வேகத்தில் வளைவுகளில் திரும்பியவளின் கால், அந்த நான்கு எட்டுக்கு நகரவில்லை.

"நானும் வரவா?" என்றார் மாப்பிள்ளை.

"வாங்க," என்றாள்.

திரைக்கு அப்பால் யாரோ கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.