ஒற்றையா இரட்டையா

கோதண்டம் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். அவன் மனைவி சசிகலா அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து மற்ற பெண்களோடு அவளையும் ஏற்றிக்கொண்டு மதியத்தில் சுங்குவார்சத்திரம் திரும்புவது அவன் வேலை. புருஷன் ஓட்டுகிற பஸ்ஸில் பெண்டாட்டி வருகிறாள், கொடுத்துவைத்தவள் என்று ஊரில் சொல்வார்கள். ஊருக்கென்ன தெரியும்.

அவள் போனில் சீட்டு ஆடத் தொடங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் பொழுதுபோக்கு என்றாள். பிறகு விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுவேன் என்றாள். வளையல்கள் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பாமல் போனபோது கோதண்டம் கத்தினான், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான், அவளுடைய அண்ணன் வெங்கடேசனைக் கூட்டிவந்து பேசவைத்தான். ஒன்றும் ஆகவில்லை. வல்லக்கோட்டை முருகன் சன்னதியில் கற்பூரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். திரும்பி வரும்போது, அவன் பெட்ரோல் போடப் போன இடைவெளியில், பங்கின் ஓரமாக நின்று ஓர் ஆட்டம் ஆடி முடித்துவிட்டாள்.

போனைப் பிடுங்கிக்கொண்டு பட்டன் போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாதமே சட்டம் வந்து காசு கட்டி ஆடும் ஆட்டங்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். அன்று கோதண்டம் நிம்மதியாகத் தூங்கினான். ஆட்டமே இல்லாதபோது யாரோடு ஆடுவாள்?

கொஞ்ச நாளாக பஸ்ஸின் பின்பக்கத்தில் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்த சந்தோஷம் என்றுதான் அவன் நினைத்தான். பிறகு சிரிப்பு குறைந்து கூச்சல் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் வல்லம் வடகால் தாண்டும்போது பூமாரி எழுந்து முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்.

"அண்ணே, அக்காட்ட நீங்களே சொல்லுங்க. வெளையாட்டுக்குத்தான் ஆரம்பிச்சோம். இப்போ நாங்க வேண்டாம்னாலும் அவுங்க விட மாட்டேங்காவ."

என்ன விளையாட்டு என்று கேட்டான். எதிரே வருகிற கண்டெய்னர் லாரியின் நம்பர் ஒற்றையில் முடியுமா, இரட்டையில் முடியுமா என்று பந்தயம். மிட்டாயில் தொடங்கி ஓவர்டைம் காசுக்கு வந்திருந்தது. இந்த ரோட்டில் கண்டெய்னருக்கா பஞ்சம்?

போனைப் பிடுங்கலாம், லாரிகளை என்ன செய்வது? அதுவும் இத்தனை நாளும் அவன்தான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளை ஒவ்வொரு லாரிக்கும் எதிரே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறான்.

எல்லோரும் இறங்கிய பிறகு அவளை உட்காரச் சொன்னான். திட்டுவதற்குப் புதிதாக வார்த்தை எதுவும் மிச்சமில்லை.

"லாரி நம்பர்ல இன்னாடி கீது?" என்றுதான் கேட்க முடிந்தது.

சசிகலா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஜெயிக்கணும்னு இல்ல. லாரி வந்துகினு இருக்கும், நம்பர் இன்னும் தெரியாது பாரு, அந்த நொடியில மனசுல வேற எதுவுமே இருக்காது. நம்பர் தெரிஞ்சதும் போயிடும். அடுத்த லாரிக்குக் கண்ணு தானா போவுது. நான் வேணாம்னு சொல்லிகினுதான் கீறேன், அது கேக்கல."

காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவளை அழைத்துப்போனது வெங்கடேசன் சொன்னதால்தான்; கோதண்டத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை. டாக்டர் மேதா சின்ன வயசுக்காரி. சசிகலாவைத் தனியாக வைத்துப் பேசிவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டார். குடிக்கு அடிமையாவதைப் போலத்தான் இதுவும் என்றார். உள்ளே போகிற பொருள் எதுவும் இல்லை, செய்கை ஒன்றே போதும், மூளை அதற்குப் பழகிவிடுகிறது; ஒரு வழியை அடைத்தால் இன்னொன்றைத் தேடும்; சத்தியம் வாங்கினால் மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

கோதண்டத்துக்கு எரிச்சலாக வந்தது. "எங்கப்பா குடிகாரன், மேடம். வாசல்ல வரும்போதே நாத்தம் வரும், உஷாராயிடுவோம். இதுல நாத்தம் கூட இல்ல. நல்லா கீற மனுஷிக்கு வியாதின்னா எப்படி நம்பறது?"

டாக்டர் வாதம் செய்யவில்லை. வாரம் ஒருநாள் அழைத்துவரச் சொன்னார். சம்பளம் அண்ணன் கணக்குக்குப் போகட்டும், பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம் என்றார்.

அவள் அதன்படியே நடந்தாள். பந்தயம் கட்டிய பெண்களிடம் தானே போய் மன்னிப்பும் கேட்டாள். கோதண்டம் சந்தேகத்தை விடவில்லை. ரியர் வியூ கண்ணாடியில் ரோட்டைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம்.

பிறகு ஒருநாள் மதியம், இறங்கும்போது, யாரும் காட்டிக்கொடுக்காமல் அவளே வந்து சொன்னாள். கேன்டீனில் எந்த லைன் முதலில் டார்கெட் முடிக்கும் என்று பேச்சு வந்ததாம், வாய் தானாகப் பந்தயம் கட்டிவிட்டதாம்.

அன்றே அவளைப் பைக்கில் ஏற்றிக் காஞ்சிபுரம் வரைக்கும் திட்டிக்கொண்டே போனான். அவளே வாய் திறந்து சொன்னது பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

"அதுக்கு நான் சந்தோஷப்படணுமா?"

"வேணாம், கோபப்படுங்க. கோபத்தோடயே அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க."

அடுத்த வாரம் அரை நாள் லீவு கேட்டபோது டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் சலித்துக்கொண்டார். இதோடு எத்தனை லீவு, வீட்டில் அப்படி என்ன பிரச்சினை என்று கேட்டார். இதுவரை கோதண்டம் கல்யாணம், காரியம் என்று எதையாவது சொல்லித் தப்பித்திருந்தான்.

"வூட்ல ஒடம்பு சரியில்ல சார்" என்றான். "சீக்கிரம் தீர்ற வியாதி இல்ல. இன்னும் நெறைய தடவ கேப்பேன்."

சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.