டுரியான் தோட்டத்துப் பங்காளி

சுப்பிரமணியம் திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தார். துறைமுகத்தில் காலமெல்லாம் கிரேன் ஓட்டிச் சேர்த்த எண்பதாயிரம் வெள்ளிப் பணத்தை, எல்லை தாண்டி எங்கோ இருக்கிற ஒரு டுரியான் தோட்டத்தில் போடப் போகிறாராம். மாதம் மூன்று விழுக்காடு உறுதியாம். பழம் பழுத்தாலும் சரி, பழுக்காவிட்டாலும் சரி.

இதைக் கேட்ட நாளிலிருந்து அவரை எப்படித் தடுப்பது என்பதே நிரஞ்சனாவுக்கு யோசனை. அவள் அவருடைய அண்ணன் மகள். கம்பெனிகளின் வரவுசெலவைப் படித்துப் பார்த்து, இவர்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று வங்கிக்குச் சொல்வதுதான் அவள் வேலை. இருந்து என்ன பிரயோஜனம்? பொங்கோலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து புக்கிட் மேராவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு மெனக்கெட்டுப் போய், கேஷ் ஃப்ளோ, ஆடிட், ரிஸ்க் என்று மூச்சுவிடாமல் பொழிந்து தள்ளினாள். சித்தப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் பேசுற. ஆனா ஒண்ணும் மண்டையில ஏறல லா," என்றார்.

சித்தி பாக்கியலட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி வாணலியைக் கிண்டப் போனார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோழி ஜரீனா அழைத்தாள். ஏப்ரல் மாதம், தமிழ்மொழி விழா. தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் அவள் நடத்தும் வாசகர் வட்டத்தில் சனிக்கிழமை பங்குச் சந்தை பற்றி ஓர் உரை. பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீ வந்து பேசு. ஒரே கண்டிஷன், முழுக்கத் தமிழ்லதான்."

நிரஞ்சனாவின் தமிழ் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன தமிழ். ஆனாலும் உடனே தலையாட்டினாள். தேக்காவில் தமிழ்க் கூட்டம் என்றால் சித்தப்பா தவறவே மாட்டார். பேச்சுக்காகப் பாதி, கூட்டம் முடிந்து கிடைக்கும் மசால்வடைக்காகப் பாதி.

அதேபோல் சனிக்கிழமை மாலை சித்தியுடன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நிரஞ்சனா மேடையேறி மைக்கைப் பிடித்தாள். ஒரு புரோட்டாக் கடையை வைத்துத் தொடங்கினாள்.

"கடையை நூறு துண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டும் ஒரு பங்கு. விற்ற காசெல்லாம் லாபம் அல்ல. மாவு, எண்ணெய், வாடகை, சம்பளம், கடனுக்கு வட்டி எல்லாம் போக மிஞ்சுவதுதான் லாபம். அதிலிருந்து தருவது ஈவுத்தொகை. கடை ஓடினால் கிடைக்கலாம். ஓடாவிட்டால் கிடைக்காது."

தலைகள் ஆடின. அட, நமக்கும் தமிழ் வருகிறதே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பங்குதாரர் என்ற சொல்லை இரண்டு நாளாக உருப்போட்டு வைத்திருந்தாள். வாயில் வந்ததோ வேறு.

"பங்கை வாங்கிய நொடியே நீங்கள் அந்தக் கம்பெனியின் பங்காளி ஆகிவிடுகிறீர்கள்! பங்காளிகள் எல்லாரும் ஆண்டுக்கொரு முறை ஒன்றுகூடுவார்கள். கேள்வி கேட்பார்கள். பிறகு மகிழ்ச்சியாகச் சேர்ந்து சாப்பிடுவார்கள்."

அரங்கம் குலுங்கியது. "எந்த ஊர்ல மா பங்காளிங்க சேந்து சாப்பிடுறாங்க?" என்றார் ஒருவர். "எங்க பங்காளிய நான் கோர்ட்டுலதான் பாக்குறேன்!" என்றார் இன்னொருவர். ஒரே தாத்தாவின் சொத்துக்கு அடித்துக்கொள்கிற உறவுதான் பங்காளி என்பது பாவம், அவளுக்கு எங்கே தெரியும்? எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் முகம் சிவந்து நின்றாள். ஜரீனா ஓடிவந்து காதில் சொன்ன பிறகு இன்னும் சிவந்தது.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"சிரிப்பு இருக்கட்டும். பங்காளின்னா கணக்குக் கேக்கலாம்ல?"

"கேட்கலாம், சித்தப்பா. ஆண்டறிக்கை என்று கம்பெனியே வெளியிடும். வெளியிலிருந்து ஒரு தணிக்கையாளர் சரிபார்த்த கணக்கு அது."

"வெளச்சல் இல்லன்னா?"

"பங்காளிக்கும் ஒன்றும் இல்லை."

"எனக்கு மட்டும் காய்க்காட்டியும் மாசாமாசம் தரேங்கிறானே?"

நிரஞ்சனாவுக்கு மேடைத் தமிழ் பறந்துபோனது. "காய்க்காத மரத்துலேர்ந்து காசு எப்படி வரும் சித்தப்பா? உங்களுக்கு அப்புறம் சேர்றவங்க கட்டுற காசத்தான் உங்களுக்குக் குடுப்பாங்க. புதுசா ஆள் வரலன்னா அன்னைக்கே எல்லாம் போச்சு."

சித்தப்பா சட்டைப் பையைத் துழாவினார். கைபேசியை எடுத்துத் தோட்டத்தில் பணம் போடச் சொன்னவனை அழைத்து, ஊரே கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்தார்.

"தம்பி, சுப்பிரமணியம் பேசுறேன். ஒங்க தோட்டத்துல நான் பங்காளியா, இல்லையா?"

"அங்கிள், நீங்க எங்க வி.ஐ.பி. மெம்பர்!"

"மெம்பர் கெடக்கட்டும். போன வருஷம் எத்தன மரம் காய்ச்சுது, என்ன செலவு, யாரு தணிக்கை பண்ணா? கணக்கக் காட்டு."

"அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல், அங்கிள். நம்பிக்கைதான் முக்கியம்."

"பங்காளிகிட்டயே கணக்க மறைக்கிறியா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தார், அந்தப் பக்கம் எடுக்கவில்லை.

"திங்கக்கெழம கையெழுத்துக் கெடையாது," என்று அரங்கத்துக்கே அறிவித்தார். கைத்தட்டல் எழுந்தது. நிரஞ்சனா மேடையென்றும் பாராமல் ஒரு குதி குதித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

கைத்தட்டல் ஓய்ந்தபோது சித்தி எழுந்தார்.

"அந்த மைக்க இப்படிக் குடுங்க," என்றார். "ஏங்க, அந்தப் பணத்துல பாதி நான் ஸ்கூல் கேன்டீன்ல மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டிச் சேத்தது. தோட்டத்துல போடப் போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? கம்பெனிக்காரன் பங்காளிக்குக் கணக்குச் சொல்லணும்னா, இந்த வீட்டுல நான் யாரு?"

பின்வரிசையில் ஒரு பெண் கைதட்டத் தொடங்கினார். பிறகு பெண்கள் அத்தனை பேரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு முன்னால் சித்தப்பாவுக்குக் கிடைத்த கைத்தட்டல் ஒன்றுமே இல்லை என்றானது. சித்தப்பா உதவிக்கு மேடையைப் பார்த்தார்.

"பதில் சொல்லித்தான் ஆகணும், சித்தப்பா," என்றாள் நிரஞ்சனா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எத்தனையோ கம்பெனிக் கணக்கைப் புரட்டியவள், சித்தியிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று தன் மண்டையில் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சித்தப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டி, வங்கிக் கணக்கைத் திறந்து, கைபேசியை மனைவியிடம் நீட்டினார்.

"நீயே பாரு, பாக்கியம்."

சித்தி அதை வாங்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."