உமாபதியின் சட்டப் பாட்டு

பிள்ளையார்பாளையத்து நெசவாளர்களுக்குச் சட்டம் செய்தவர் நாட்டாண்மை உமாபதி. அதையும் பாட்டாகக் கட்டினார், வெறும் பேச்சாக இருந்தால் அடுத்த தையில் மறந்துவிடுவார்கள் என்று. பாட்டில் அவருக்குக் கொஞ்சம் கிறுக்கு. நேர்மையில் அதைவிடக் கிறுக்கு.

அதுவரைக்கும் பட்டில் பருத்தி நூலைக் கலந்து நெய்தவன் வசதிக்காரனாக இருந்தால் பஞ்சாயத்து கண்ணை மூடிக்கொள்ளும். இல்லாதவனாக இருந்தால் தெருவை விட்டே விரட்டும். உமாபதி அதை ஒழித்தார். எவன் கலந்தாலும் அவன் வீட்டுக்குக் கட்டு. யாரும் நெருப்பு, தண்ணீர் தரக் கூடாது. வாசற்படி மிதிக்கக் கூடாது. மிதித்தவர் வீட்டுக்கும் அதே கட்டு. தறியில் ஏற்றும் நீளப் பாவு நூலைத் தெருவில் விரித்துப் பிடிக்கப் பல கை வேண்டும். கட்டு விழுந்த வீட்டுப் பாவுக்கு ஒருத்தரும் கை சேரக் கூடாது என்றால் அங்கே தறி ஓடாது, அடுப்பும் எரியாது. கட்டை அவிழ்க்க நாட்டாண்மை தன் கையால் விபூதி கொடுக்க வேண்டும். மற்றவர்களைப் பணத்தால் மடக்கிவிடலாம், தன்னை முடியாது என்பதில் மனுஷனுக்கு அத்தனை கர்வம்.

சட்டம் வந்த மறுநாளே நச்சரிப்பும் வந்தது. பாட்டில் இந்த வரியைத் தளர்த்துங்கள், அந்த வார்த்தையை எடுங்கள் என்று வாசலில் ஓயாத கூட்டம். கல்யாணப் புடவை வாங்க வந்த சின்ன காஞ்சிபுரத்து வாத்தியார் ஸௌந்தரராஜன் இதைப் பார்த்துவிட்டு ஒரு சங்கதி சொன்னார். கிரேக்க தேசத்தில் ஸோலோன் என்று ஒருவர். அவரும் ஊருக்குச் சட்டம் செய்தவர், கவி பாடினவர். நச்சரிப்புத் தாங்காமல், சட்டத்தில் கைவைக்க மாட்டோம் என்று ஊரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பத்து வருஷம் கப்பலேறிப் போய்விட்டாராம். பிற்பாடு அந்த ஊர் என்ன ஆயிற்று என்று சொல்ல வாத்தியார் வாயெடுத்தார். கேட்க உமாபதிக்குப் பொறுமை இல்லை.

கச்சபேசுவரர் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, தான் திரும்பும் வரை ஓர் எழுத்தும் மாறாது என்று தெருவையே சத்தியம் செய்யவைத்துவிட்டுக் காசிக்குக் கிளம்பினார். புதிதாகக் கல்யாணமான மகள் தில்லையம்மாள் மட்டும் சீக்கிரம் வந்துவிடச் சொன்னாள். அவள் தாயில்லாப் பெண்.

அவர் திரும்பி வர இரண்டு வருஷம் ஆயிற்று. வந்த காலையில் தெருவில் பாவு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவருடைய பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். கேட்டு அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மகள் வீடுதான் பூட்டிக் கிடந்தது.

பஞ்சாயத்துக்காரர் காசிநாதன் அவரை உட்காரவைத்துச் சொன்னார். மாப்பிள்ளை நமச்சிவாயம் பருத்தி கலந்து பிடிபட்டான். பிடிபட்ட கையோடு ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான். கட்டு வீட்டின் மேல் விழுந்தது. வீட்டில் இருந்தது நிறைமாதமாகத் தில்லையம்மாள் ஒருத்தி. விடியலில் வலி எடுத்துப் பகலெல்லாம் அலறினாள். மருத்துவச்சி தெருமுனை வரை வந்து நின்றுவிட்டாள்.

"நீங்க வந்து விபூதி குடுக்காம யாருங்க அவுக்கறது?" என்றார் காசிநாதன். "தெருவே அழுதுக்கினுதான் நின்னுது. ஆனா ஒரு எழுத்து மாத்தலீங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

படி மிதித்தவள் எதிர்வீட்டுக் காமாட்சியம்மாள் மட்டும். ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே போனாள். தாயும் சிசுவும் அவள் மடியிலேயே போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கும் கட்டு. தறி நின்றுபோய், மகனும் மருமகளும் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது உமாபதி வாசலில் ஒட்டிய வயிற்றோடு அவள் வந்து நின்றாள், ஒரு சிட்டிகை விபூதிக்காக.

கொடுத்துவிடுவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. காசிநாதனே தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சத்தியம் அவர் வரும்வரைக்கும்தானே, வந்தாயிற்றே, இனி வேண்டியபடி மாற்றலாமே என்று மெதுவாக எடுத்தும் கொடுத்தார்.

உமாபதி விபூதியைத் தொட்டார். தொட்ட கை அப்படியே நின்றது. இவள் செய்தது மன்னிக்கக்கூடியது என்றால், தெருவில் எவரும் அந்தப் படியை மிதித்திருக்கலாம். மிதித்திருந்தால் இரண்டு உயிரும் பிழைத்திருக்கும். அப்படியானால் தில்லை செத்தது எதற்காக? ஒரு கிழவனின் பாட்டுக் கிறுக்குக்காகவா? அதை நினைக்க அவரால் முடியவில்லை. பயமாக இருந்தது. சட்டம் பெரிதாக இருந்தே தீர வேண்டும்.

"படி மிதிச்சது குத்தம்" என்றார். "கட்டு இருக்கட்டும்."

காமாட்சியம்மாள் அழவில்லை. "தண்ணி கேட்டா, அண்ணா" என்றாள். "நாக்கு வறண்டு கெடந்துது. தெருவுல எல்லாருக்கும் கேட்டுது, நான் போனேன். நீங்க இருந்திருந்தா போயிருப்பீங்களா?"

அவர் விரலில் ஒட்டியிருந்த சாம்பலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவள் திரும்பி நடந்தாள். அவள் நிழல்கூட மேலே படாதபடி, தெரு ஒதுங்கி வழிவிட்டது.