ஐந்தாவது புத்தகம்

எழுத்தாளர் அகராதிக்காக மமிர்கான் அனுப்பிய கடிதத்தை தலைநகர் பிஷ்கெக் அலுவலகத்தில் பிரித்தவள், அகராதியைத் தொகுக்கும் நசிபா. நீல மையில் நான்கு பக்கம், அவரே கைப்பட எழுதியது. எழுபது வயதுக்காரர் தன் எழுத்து வாழ்க்கையைப் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். முதல் நாவல் அவசரத்தில் பிறந்தது. இரண்டாவதான சிறுவர் நாவலைப் பள்ளி ஆசிரியர்கள் புகழ்ந்தார்கள், பிள்ளைகள் தொடவில்லை. நாடகம் அரங்கேறிய அன்றே கதாநாயகனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சிறுகதைத் தொகுப்பில் இரண்டு கதை தேறும்.

கடைசி வரி: ‘ஐந்தாவது, கணவாய்த் தபால்காரி. நான் எழுதியதில் இதுதான் நல்லது.’

அப்படியொரு புத்தகத்தை நசிபா கேள்விப்பட்டதே இல்லை. நூலகங்களில் தேடினாள். பழைய புத்தகக் கடைகளில் விசாரித்தாள். ஒரு பிரதியும் அகப்படவில்லை. ஆவல் அரித்தெடுக்கவே, விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் ஊரான நாரினுக்கு வண்டி ஏறிவிட்டாள்.

மமிர்கான் வீட்டில் ரொட்டியும் ஆப்ரிகாட் பழ ஜாமும் வைத்தார்கள். அவர் மனைவி உமுத் தேநீர் ஊற்றினாள்.

“ஐயா, உங்க ஐந்தாவது புத்தகம் எங்கயும் கிடைக்கலயே?”

“எப்படிக் கிடைக்கும்? இன்னும் எழுதி முடிக்கலயே” என்றார் அவர்.

உமுத் சிரித்தாள். “என் மக பொறந்தப்போ ஆரம்பிச்சாரு. இப்ப அவ மகளுக்கே கல்யாணம்.”

“முடிக்காததை நல்ல புத்தகம்னு எப்படிச் சொல்றீங்க?”

“முடிச்ச நாலுலயும் எங்கெங்க ஓட்டைன்னு எனக்குத் தெரியும், பொண்ணே. இதுல இன்னும் தெரியல. நீ அகராதியில போட்டுட்டா, ஊர் கேக்குமேன்னு பயந்தாவது முடிப்பேன்ல?”

நசிபா கையெழுத்துப் படியைக் கேட்டு வாங்கினாள். பனிப்புயலில் தபால் பையோடு கணவாய் ஏறும் ஒரு பெண்ணின் கதை. யாரோ அவளைப் பின்தொடர்கிறார்கள். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அத்தோடு தாள் நின்றுவிட்டது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

“பின்னாடி வந்தது யாரு?”

“அதுதான் எனக்கும் தெரியல” என்றார் மமிர்கான். “உனக்கு யாருன்னு தோணுது?”

“அவ புருஷன்?”

“அவன் செத்துட்டானே.”

“செத்ததை யாரு பாத்தா?”

மமிர்கான் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். உமுத் அதை அவர் நெற்றியிலிருந்து இறக்கிவிட்டாள். அவர் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார். வந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதையே மறந்துபோனார்.

அகராதியில் ஐந்தாவது புத்தகத்துக்கு நேரே நசிபா ‘எழுதி வருகிறார்’ என்று போட்டாள். மறு வருடம் புத்தகம் வெளிவந்தது. அவள் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான். பின்தொடர்ந்து வந்தது புருஷன் இல்லை; ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வந்த ஒரு நகரத்துப் பெண்.